‘நலமுடையர்’ என்று எழுதத் தகுதியுடையவர் யார்?

வெடியாலைப் பணிக்கு வரும் தொழிலாளி ஒருவரை மருத்துவர் ஒருவர் பார்க்கிறார். நாடி பிடிக்கிறார், நெஞ்சில் குழல் வைத்துக் கேட்கிறார், கண்ணிமையைக் கீழிழுத்துப் பார்க்கிறார். பின்னர், ‘இவர் இப்பணிக்கு ஏற்ற உடல்நலம் உடையவர்’ என்னும் பொருள்பட ஓர் ஆங்கிலச் சொல்லைத் தாளில் எழுதிக் கையொப்பம் இடுகிறார். அத்தாள் ஆலையின் கோப்பிற்குள் போய்விடுகிறது. எவருடைய உடலைப் பற்றி அஃது எழுதப்பட்டதோ, அவர் அதைப் படித்ததும் இல்லை. படிக்கத் தந்தாலும் அவருக்கு விளங்கப் போவதில்லை.

அம்மருத்துவர் அக்கையொப்பத்தை இடுவதற்கு என்ன கற்றிருக்க வேண்டும்? வெடி ஏதம் நேர்ந்த நாளில் ஆலையின் உரிமம் செல்லுமா, உள்குத்தகை விடப்பட்டதா, மேற்பார்வையாளர் சான்று பெற்றவரா என்றெல்லாம் கேட்கப்படுகிறது. கேட்க வேண்டியவையே அவை. ஆனால் மருத்துவரின் தகுதியைப் பற்றிய கேள்வி மட்டும் எந்த உசாவலிலும் முன்வரிசைக்கு வந்ததில்லை.

2012 செப்டம்பர் 5-ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் எரிந்து மாண்டனர். 2021 பிப்பிரவரி 12-ஆம் நாள் சாத்தூர்ப் பக்கத்து அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர். 2024 மே 9-ஆம் நாள் செங்கமலப்பட்டியில் பதின்மர். இச்சாவுகளுக்கு நாளும் கிழமையும் உண்டு. செய்தித்தாளில் இடம் உண்டு. அரசின் உதவித்தொகை உண்டு. வெடிக்காமல் வரும் சாவிற்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. இருபதாண்டு மருந்துத் தூசு உண்ட நுரையீரல், ஐம்பது அகவையில் படியேற முடியாமல் நிற்கும்போது, அதற்கு ‘நெஞ்சுச் சளி’ என்றோ ‘மூச்சு வாங்கல்’ என்றோ பெயரிட்டு, ஒரு புட்டி மருந்தோடு வீட்டிற்கு அனுப்பிவிடுகின்றனர். எந்த ஏட்டிலும் அது தொழில்நோய் என்று ஏறுவதில்லை. ஏறாதவற்றிற்கு இழப்பீடும் இல்லை.

வள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தில் பத்துக் குறள் வைத்தார். அவற்றுள் இரண்டாம் குறள் முதல் ஏழாம் குறள் வரை ஆறும், உண்ணும் அளவறிந்து நோய் வாராமல் காப்பது பற்றியன. மருத்துவனின் செயல் எட்டாம் குறளில்தான் தொடங்குகிறது. வந்த நோயைத் தீர்ப்பதினும் வாராமற் காப்பதற்கே மிகுதியான இடம் தந்த மரபு தமிழ் மரபு. ஆனால் இன்றைய மருத்துவக் கல்வியில் கத்தி எடுப்பவனுக்குள்ள மதிப்பில் நூற்றில் ஒரு பங்குகூட, நோயை வரவிடாமல் தடுப்பவனுக்கு இல்லை. மாணவர் விரும்பாத துறை, வேறிடம் கிடைக்காதவர் சேரும் துறை என்று தடுப்பு மருத்துவம் கல்லூரிகளிலேயே இகழப்படுகிறது. இதை மருத்துவ மாணவர் எவரும் மறுக்கமாட்டார்.

தொழிலும் நோயும் ஒட்டிப் பிறந்தவை என்பதை உலகம் அறிந்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ இராமசினி 1700-ஆம் ஆண்டில் தொழிலாளர் நோய்களைப் பற்றித் தனிநூல் எழுதினார். பழைய மருத்துவர் நோயாளியிடம் கேட்கும் கேள்விகளோடு, ‘நீ என்ன தொழில் செய்கிறாய்?’ என்னும் ஒரு கேள்வியையும் சேர்க்க வேண்டும் என்று அவர் சொன்னார். 1775-இல் இலண்டன் மருத்துவர் பெர்சிவல் பாட், புகைபோக்கி துடைப்போர்க்கு வரும் புற்றுநோய்க்குக் கரணியம் புகைக்கரியே என்று காட்டினார். இவை நிற்க. சிவகாசிக்கு நேரே தொடர்புடைய வரலாறு ஒன்று உண்டு. அதைத் தமிழர் அறிந்திருக்க வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் தீக்குச்சி முனையில் வெண்பாசுபரசு என்னும் நஞ்சு பூசப்பட்டது. அதன் ஆவியை மூச்சில் வாங்கிய பெண்களுக்கும் சிறுவர்க்கும் பல் ஆடியது, தாடை எலும்பு அழுகிச் சீழ் கொண்டது, முகம் உருக்குலைந்தது. வியன்னா மருத்துவர் இலாரின்சர் 1845-இல் அந்நோயைத் தொழிலோடு இணைத்து எழுதினார். மருத்துவர் எழுதினர், இலண்டனில் 1888-இல் தீப்பெட்டி ஆலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தனர், 1906-இல் பெர்ன் நகரில் நாடுகள் கூடி அந்நஞ்சைத் தீக்குச்சியில் தடைசெய்ய உடன்பட்டன, இந்தியாவிலும் 1913-இல் வெண்பாசுபரசுத் தீக்குச்சித் தடைச் சட்டம் வந்தது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தொழில் கற்றுத் திரும்பிச் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலுக்கு வித்திட்டது 1923-இல். அஃதாவது, அத்தொழில் சிவகாசி மண்ணில் கால் வைப்பதற்குப் பத்தாண்டுகள் முன்னரே, அதன் கொடிய நோய் இங்கு வராதபடி கதவு அடைக்கப்பட்டுவிட்டது. சிவகாசிப் பெண்டிரின் தாடைகள் அழுகாமல் தப்பியது, எங்கோ ஒரு நகரில் ஒரு மருத்துவர் ‘நீ என்ன தொழில் செய்கிறாய்?’ என்று கேட்டதனால். தடுப்பு மருத்துவம் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டுவதில்லை.

ஆனால் தீப்பெட்டிக்குப் பின் வந்த வெடித்தொழிலின் மருந்துகளுக்கு அத்தகைய கேள்வி கேட்கப்படவில்லை. வெடியுப்பு, கந்தகம், கரித்தூள் ஆகிய மூன்றோடு வெள்ளொளிக்கு அலுமினியத் தூளும், பச்சைக்குப் பேரிய உப்பும், சிவப்பிற்கு இசுத்திரான்சிய உப்பும் சேர்கின்றன. மெல்லிய அலுமினியத் தூள் நுரையீரலைத் தழும்பாக்கி இறுக்கவல்லது என்பது இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் செருமனியின் வெடிமருந்துத் தொழிலாளரிடத்திலேயே கண்டறியப்பட்டது. நீரில் கரையும் பேரிய உப்பு வயிற்றுக்குள் போனால் குருதியிலுள்ள பொட்டாசியத்தைக் குறைத்துத் தசைகளைத் தளரச் செய்யும். மிகுந்தால் நெஞ்சத் துடிப்பையும் குலைக்கும். மணி மருந்து உருட்டிய கையைத் துடைத்துவிட்டு நண்பகற் சோற்றைப் பிசைந்து உண்ணும் பெண்ணிடம், ‘கையை வழலையிட்டுக் கழுவினாயா? கழுவுவதற்கு அங்கே நீர் இருக்கிறதா?’ என்று கேட்பதே மருத்துவம். அக்கேள்வி கேட்க, மணி மருந்து என்றால் என்ன என்பதை முதலில் மருத்துவர் அறிந்திருக்க வேண்டும்.

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் அறிவிக்கத்தக்க தொழில்நோய்கள் என்று ஒரு பட்டியலை வைத்தது. திருத்தங்களுக்குப் பின் அதில் 29 நோய்கள் இருந்தன. பாசுபரசு நஞ்சேற்றம் அதில் இருந்தது; ஈயம், இதள், மாங்கனீசு, பெரில்லியம் எல்லாம் இருந்தன. அலுமினியம் இல்லை, பேரியம் இல்லை. சிவகாசியில் கையாளப்படாத நஞ்சிற்குப் பட்டியலில் இடம் உண்டு. நாள்தோறும் கையாளப்படும் தூளுக்கு இல்லை! பேரிய உப்பின் தீமையை இந்திய உச்ச முறைமன்றம் பேசாமல் இல்லை. 2018 அக்டோபர் 23-ஆம் நாள் தீர்ப்பில் வெடிகளில் பேரிய உப்பு கூடாதென்று தடுத்தது. அவ்வழக்கு 2015-இல் தில்லிக் குழந்தைகள் மூவரின் பெயரால் தொடுக்கப்பட்டது. தில்லிக் குழந்தையின் மூச்சு காக்கப்பட வேண்டியதே, அதில் ஐயமில்லை. ஆனால் வெடித்த பின் காற்றில் கலந்த பேரியம் தில்லியில் கண்ணுக்குப் பட்டது. வெடிக்குமுன் விரல்களில் ஒட்டிய பேரியம் சாத்தூரில் எவர் கண்ணுக்கும் படவில்லை.

இனித் தகுதி பற்றிய செய்திக்கு வருவோம். 1948 ஒரு வியப்பான ஆண்டு. அவ்வாண்டில்தான் அமெரிக்காவில் தடுப்பு மருத்துவ வாரியம் நிறுவப்பட்டது. அவ்வாண்டில்தான் இந்தியாவில் தொழிற்சாலைச் சட்டமும் இயற்றப்பட்டது. ஒரே கேள்விக்கு இரு நாடுகளும் எழுதிய விடைகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

அமெரிக்க வாரியத்தின் சான்று வேண்டுவோர் முதலில் மருத்துவப் பட்டம் பெற்றிருக்க வேண்டும். தடையேதுமற்ற மருத்துவ உரிமம் வைத்திருக்க வேண்டும். பட்டத்திற்குப் பின் நோயாளிகளை நேரில் பார்க்கும் பயிற்சி ஓராண்டு. அதன்பின் ஒப்புதல் பெற்ற நிலையத்தில் தாம் தேர்ந்த துறையில் உறைவிடப் பயிற்சி இரண்டாண்டு. அக்காலத்திலேயே புள்ளியியல், நோய்ப்பரவல் இயல், சுற்றுச்சூழல் நலம், நலப்பணி ஆட்சி ஆகியவற்றை மேற்பட்ட நிலையில் கற்க வேண்டும். எல்லாம் முடிந்த பின்னரே தேர்வெழுத விடுவர். பொதுநலம், தொழில் மருத்துவம், வானூர்தி விண்வெளி மருத்துவம் என்று துறைகள் பிரிக்கப்பட்டுள்ளன. இச்சான்று இல்லாதவர் மருத்துவம் செய்யக் கூடாதென்பதன்று. ஆனால் தம்மைத் துறைவல்லுநர் என்று சொல்லிக்கொள்ள அவர்க்கு வாயில்லை. இங்கிலாந்திலும் 1978-இல் அரச மருத்துவர் கல்லூரியின்கீழ்த் தொழில் மருத்துவத்திற்கெனத் தனிப்புலம் அமைந்தது.

இந்தியச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு, சான்றளிக்கும் மருத்துவரை மாநில அரசு அமர்த்தலாம் என்றது. இளையோரை ஆய்ந்து சான்றளித்தல், இடர்மிகு பணியாளரை ஆய்தல், பணியினால் நோய் வந்ததென்று ஐயம் எழுந்த இடத்தில் மேற்பார்வை செய்தல் ஆகிய மூன்றும் அவர் கடமை. வேலைக்கு வந்த சிறுவனுக்குப் பதினான்கு அகவை நிறைந்ததா என்று சொல்ல வேண்டியவரும் அவரே; சிவகாசிச் சிறுவர் உழைப்பு பற்றி உச்ச முறைமன்றம் 1996 திசம்பர் 10-இல் தீர்ப்புரைத்த நாட்டில், அக்கையொப்பம் எவ்வளவு பெரிய செய்தி என்பதை விளக்க வேண்டியதில்லை. அவருக்குத் தகுதி? அரசு ஏற்ற மருத்துவப் பட்டம் ஒன்று. அவ்வளவே. தொழில்நோய் பற்றி ஒரு நாள் கூடப் படித்திருக்க வேண்டும் என்று அப்பிரிவு கேட்கவில்லை.

1984 திசம்பரில் போபாலில் நச்சுவளி ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற பின்னர்தான் 1987-இல் சட்டம் திருத்தப்பட்டது. இடர்மிகு தொழிலில் ஈடுபடுவோரைப் பணிக்கு முன்னும், பணியின்போது ஆண்டிற்கு ஒருமுறையேனும், பணி நீங்கிய பின்னும் மருத்துவர் ஆய வேண்டும் என்று 41-ஆம் பிரிவின் உட்பிரிவு சொன்னது. வெடிபொருள் உருவாக்கமும் அவ்விடர்ப் பட்டியலில் இருந்தது. நடுவண் அரசின் மாதிரி ஒழுங்குமுறைகள் ஆலை மருத்துவர்க்குத் தகுதியும் குறித்தன: மருத்துவப் பட்டத்தோடு, தொழில்நலத்தில் மூன்று திங்கள் பயிற்சிச் சான்று. அமெரிக்காவில் மூன்றாண்டு; இங்கு மூன்று திங்கள். அதிலும் தலைமை ஆய்வாளர் விரும்பினால் விலக்கு அளிக்கலாம் என்றொரு வழியும் வைக்கப்பட்டது. மூன்று திங்கள் பயிற்சியை எள்ளி நகையாட வேண்டியதில்லை; ஒன்றுமில்லாமைக்கு அது மேல். தூசளவு எடுப்பதும், மூச்சளவு பார்ப்பதும், கேள்வி கேட்கும் முறையும் அதில் கற்பிக்கப்படுகின்றன. ஆனால் அதையும் கற்றவர் எத்தனை பேர் வெடியாலைக்குள் கால் வைக்கின்றனர் என்பதே இங்குக் கேட்க வேண்டியது.

ஏனென்றால், அவ்வொழுங்குமுறைகள் ஆள்கணக்கில் படி வகுத்தன. இருநூற்றுக்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள ஆலைக்கு முழுநேர மருத்துவர். ஐம்பத்தொருவர் முதல் இருநூற்றுவர் வரை என்றால் பகுதிநேர மருத்துவர். அவர் கிழமைக்கு இருமுறை ஆலைக்கு வர வேண்டும். ஐம்பதின்மர் வரை என்றால், ஊதியம் பேசி அமர்த்திய ஒருவர் தம் மருத்துவ மனையிலேயே இருந்து பார்த்தால் போதும். விருதுநகர் மாவட்டத்தின் வெடித்தொழிலோ, வெம்பக்கோட்டைக் கரிசற் காட்டில் தனித்தனி அறைகளாகச் சிதறிக் கிடக்கும் தொழில். சிற்றாலைகள் மிகுதி, அவற்றுள்ளும் அறைகளை உள்குத்தகைக்கு விடும் முறைகேடு ஏதத்திற்குப் பின் ஏதமாக வெளிப்பட்டுக்கொண்டே இருக்கிறது. குத்தகை அறையில் மருந்து அடைப்பவர் எந்த ஆலையின் ஆள்? எந்தக் கோப்பில் அவர் பெயர் உண்டு? ஆக, இடர் மிகுந்த இடத்திற்குத் தகுதி குறைந்த மேற்பார்வை என்னும் தலைகீழ் முறையே நடைமுறையாயிற்று. அவ்வறையைக் கண்ணால் காணாத மருத்துவர், அவ்வறைக்கு ஏற்ற உடல் இதுவென்று எவ்வாறு அறிந்து கையொப்பமிடுவார்?

‘அத்தனை வல்லுநர்க்கு எங்கே போவது?’ என்று ஆலையுடையோர் கேட்பர். கேட்பது முறைதான். விடை தமிழகத்தின் வரலாற்றிலேயே இருக்கிறது. நாட்டிலேயே முதலாவதாகப் பொதுநலச் சட்டம் கண்டது சென்னை மாநிலம், 1939-இல். மருத்துவமனைப் பணி வேறு, பொதுநலப் பணி வேறு என்று பிரித்துத் தனி இயக்ககம் வைத்து, அதன் அலுவலர் பொதுநலப் பட்டயமோ மேற்பட்டமோ பெற்றாக வேண்டும் என்று கேட்டதனால்தான், தமிழகத்தில் நோய்த்தடுப்புப் பணி பிற மாநிலங்கள் பார்த்துக் கற்கும் நிலையில் நிற்கிறது. தகுதியைக் கேட்ட பின்னர்தான் தகுதியுடையார் உருவாயினர். உருவாகட்டும், பிறகு கேட்போம் என்று அன்று அரசு காத்திருக்கவில்லை.

இன்று கல்லூரிக்கும் குறைவில்லை. விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரி 12-இல் திறக்கப்பட்டது. மருத்துவக் கல்லூரி எதுவாயினும் குமுக மருத்துவத் துறை இருந்தாக வேண்டும். அத்துறையில் மேற்பட்டம் பெற மூன்றாண்டு. ஆனால் அதற்குரிய இடங்களுக்கு நடுவண் அரசின் நுழைவுத்தேர்வு வாயிற்காவல் நிற்கிறது. அத்தேர்வில் கரிசற்காட்டு மக்களை அறிந்தவர் என்பதற்கு மதிப்பெண் இல்லை. அம்மக்களின் மொழியை அறிந்தவர் என்பதற்கும் இல்லை. மேற்பட்டத்திற்குக் காத்திராமல், தொழில்நலப் பயிற்சியை விருதுநகரிலேயே, மாவட்டத்து மருத்துவர் தம் பணியை விடாமல் கற்கும்படி மாநில அரசு நடத்தலாம். சென்னைத் தரமணியில் நடுவண் அரசின் தொழிலாளர் நிலையம் நடத்தும் பயிற்சியில் வெடியாலை, எத்தனையோ தொழில்களுள் ஒன்று. இங்கே அதுவே பாடமாகும். சிவகாசியிலுள்ள தொழிலாளர் ஈட்டுறுதி மருத்துவமனை அதற்கு நோயாளிகளைக் காட்டும். ஆலைகள் கரணியத்தைக் காட்டும். பத்துச் சிற்றாலைகள் சேர்ந்து பயிற்சி பெற்ற ஒரு மருத்துவரை அமர்த்திக்கொண்டால் எவருக்கும் பெருஞ்செலவில்லை.

அப்பயிற்சி தமிழில் நடைபெற வேண்டும். தமிழ்ப்பற்றினால் மட்டும் சொல்லப்படுவதன்று இது. குழாய் உருட்டல், திரி வெட்டல், சரம் பின்னல், மருந்து அடைத்தல், மணி மருந்து காயவைத்தல் என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு வகைத் தூசு. ஒவ்வொன்றிற்கும் ஒரு தமிழ்ப்பெயர். அப்பெயர்களை அறியாதவருக்கு, ‘மருந்து அடைக்கிறேன்’ என்று தொழிலாளி சொன்னால், அது மருந்துக்கடையில் புட்டி அடைப்பது போன்றும் தோன்றலாம். ஆங்கிலத்தில் நோய்ப்பெயர் ஆயிரம் மனப்பாடம் செய்தவர், ‘காலையில் எழுந்ததும் கை மரத்துப் போகிறது’ என்னும் ஒரு சொல்லைப் பேரியத்தோடு இணைத்துப் பார்க்காவிட்டால் அக்கல்வியால் பயன் என்ன? பழைய தொழிற்சாலைச் சட்டம்கூட, ஆலையில் ஒட்டும் அறிவிப்புகள் ஆங்கிலத்தோடு தொழிலாளருள் பெரும்பாலோர் அறிந்த மொழியிலும் இருக்க வேண்டும் என்று 108-ஆம் பிரிவில் கட்டளையிட்டது. சுவரில் ஒட்டும் தாளுக்கு இருந்த அந்த உரிமை, தொழிலாளியின் உடலைப் பற்றி எழுதும் தாளுக்கு இல்லாமற் போயிற்று. 1956-இல் தமிழை ஆட்சிமொழியாக்கிச் சட்டம் செய்த மாநிலத்தில் இஃது எத்தனை காலம் நீடிக்கும்?

இப்பொழுது இதைப் பேச வேண்டியதற்குக் கரணியம் உண்டு. தொழிற்சாலைச் சட்டம் உள்ளிட்ட பல சட்டங்களை ஒன்றாக்கி 2020-இல் இயற்றப்பட்ட பணிப் பாதுகாப்பு, நலவழி, பணிச்சூழல் சட்டத்தொகுப்பு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. முந்தைய ஒழுங்குமுறைகள் முரண்படாத அளவிற்குத் தொடரும்; ஆனால் மருத்துவ அலுவலரின் தகுதி, ஆண்டுதோறும் விலையின்றி நடத்த வேண்டிய உடலாய்வு எவர்க்கு, எவ்வாறு என்பன போன்றவற்றை ஒழுங்குமுறைகளால் வரையறுக்க அத்தொகுப்பு இடம் தருகிறது. மாநிலங்கள் எழுதிக்கொள்ளும் பகுதி இது. தில்லி எழுதித் தரும் மாதிரியைப் படியெடுத்து வைப்பதா, சிவகாசியைக் கண்முன் நிறுத்தி எழுதுவதா என்பது சென்னைக் கோட்டையின் கையில் இருக்கிறது.

சிவகாசியைக் கண்முன் நிறுத்தி எழுதுவதானால், ஆள்கணக்கை விட்டு இடர்க்கணக்கில் மருத்துவரை அமர்த்த வேண்டும். மருந்து கலக்கும் அறை ஒன்றே இருந்தாலும் பயிற்சிச் சான்றுள்ள மருத்துவரே அங்கு ஆய்வு செய்ய வேண்டும். அவர் ஆண்டிற்கு ஒருமுறையேனும் அவ்வறையை நேரில் பார்த்திருக்க வேண்டும். அலுமினியத் தூசு நோயும் பேரிய நஞ்சேற்றமும் அறிவிக்கத்தக்க நோய்களாக வேண்டும். சான்றின் ஒருபடி தமிழில் தொழிலாளியின் கையில் தரப்பட வேண்டும். அதன் முதல் வரியில், பெயருக்கும் அகவைக்கும் அடுத்து, ‘என்ன வேலை, எந்த மருந்து, எத்தனை ஆண்டு’ என்னும் மூன்று கட்டங்கள் இருக்க வேண்டும். அவற்றை நிரப்பாமல் இடப்பட்ட கையொப்பம் செல்லாது என்றும் எழுதப்பட வேண்டும்.